சிவப்பு விளக்கு எரியவில்லை

2023 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இன்னும் சரியாக விடியவில்லை. காசிமேட்டில் மீன் வாங்கிக்கொண்டு நானும் அம்மாவும் திருவொற்றியூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். வலது பக்கம் கருங்கல் குவியலும் அதற்கப்பால் கடலும். இடது பக்கம் கன்டெய்னர் லாரிகள். பேர்தான் எண்ணூர் விரைவுச் சாலை. துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்கள் வரிசை கட்டி நின்றுவிட்டால் அங்கே நத்தைகூட நம்மை முந்திவிடும். அன்றைக்கு ரோடு காலியாக இருந்தது. நாற்பதில் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு டிரெய்லர்.

முன் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. வண்டி அணைந்தது.

எஞ்சின் சத்தம் நின்றது. ஃபேன் நின்றது. டேஷ்போர்டு மொத்தமும் இருட்டு. இந்த வண்டியில் ஹெட்லைட்டுக்கும் சாவிக்கும் சம்பந்தம் கிடையாது, அதனால் அது மட்டும் எரிந்துகொண்டிருந்தது. பிரேக்கை ஒருமுறை மிதித்தேன், பிடித்தது. இரண்டாவது முறை பெடல் கட்டையாகிவிட்டது. எஞ்சின் ஓடினால்தான் பிரேக்குக்கு உதவி கிடைக்கும் என்று படித்திருக்கிறேன். காலால் தெரிந்துகொண்டது அன்றைக்குத்தான். பின்னால் ஹாரன், அப்புறம் ஏர் பிரேக் சீறுகிற சத்தம். டிரெய்லர் எங்களுக்குப் பத்தடி பின்னால் குலுங்கி நின்றது. கிளீனர் தலையை வெளியே நீட்டி, "வூட்ல சொல்ட்டு வண்ட்டியா?" என்று கேட்டான். கூடவே சொன்ன மற்றதை இங்கே எழுத முடியாது.

சாவியை முழுக்கப் பின்னால் திருப்பி, மறுபடி போட்டேன். முதல் அடியிலேயே ஸ்டார்ட் ஆகிவிட்டது, ஒன்றுமே நடக்காத மாதிரி.

மீன் பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்த அம்மா மெதுவாகச் சொன்னாள்: "அன்னிக்கும் இப்படித்தாண்டா ஆச்சு."

எனக்கு அம்மா சொல்வதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. டேஷ்போர்டு இருண்ட அந்த நொடியில் அப்பா சொன்ன ஒரு வாக்கியம் காதில் விழுந்தது. இருபது மாதத்துக்கு முன்னால் சொன்னது. "சிவப்பு விளக்குகூட எரியலடா."

*

வீட்டில் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவோம். எழுதும்போது மட்டும் ஏனோ அப்பா என்று வருகிறது.

அப்பா டர்னர். 1948-ல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் வந்தது, பின்னாளில் அசோக் லேலண்ட் ஆனது. 1955-ல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு வந்தது. பெரிய கம்பெனிகள் வந்த இடத்தில், அவற்றுக்குப் பாகம் செய்து கொடுக்கிற சின்னச் சின்ன லேத் பட்டறைகளும் முளைத்தன. அப்படி ஒரு பட்டறையில் அப்பா 31 வருஷம் நின்றார். அங்கே கண்ணுக்குத் தெரியாத அளவு பிசகினாலே மொத்தச் சரக்கும் திரும்பி வந்துவிடும். அந்தக் கைகள் சம்பாதித்ததில்தான் நான் எஞ்சினியரிங் படித்தேன். இந்தக் காரை அவர் செகண்ட் ஹேண்டில் வாங்கியதும் நான் காலேஜ் சேர்ந்த அதே 2006-ல்தான். வண்டி 1998 மாடல். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. இருபத்தைந்து வருஷம் இந்த ஊர் உப்புக்காற்றைக் குடித்தால் எந்த வண்டிக்கும் இந்த வியாதி வரும்.

2022 ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் வண்டி அப்பாவிடம் மூன்று முறை நின்றது. மூன்றாவது முறை டோல்கேட் பக்கம், அம்மாவும் வண்டியில் இருந்தாள். அப்போதும் பின்னால் ஒரு டிரெய்லர். நூலிழையில் தப்பினார்கள். நான் பெருங்குடியிலிருந்து அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தேன். மெக்கானிக்கிடம் வண்டியை விட்டேன். அவர் இரண்டு நாள் வைத்திருந்து, பிளக் மாற்றி, ஃபில்டர் மாற்றி, ஓட்டிப் பார்த்தார். "வண்டில ஒண்ணும் இல்ல தம்பி. பெரியவரு கிளட்ச்ச சட்டுன்னு வுட்டுர்றாரு போல," என்றார்.

உடனே ஒத்துக்கொண்டேன். நான் ஏற்கெனவே எடுத்திருந்த முடிவை அவர் வாய்விட்டுச் சொன்னார், அவ்வளவுதான். அப்பாவுக்கு அப்போது 66. டீ கிளாஸைப் பிடிக்கும்போது கை லேசாக நடுங்குவதை நான் பார்த்திருந்தேன்.

சாவிக்கொத்தை அவர் கையிலிருந்து வாங்கி, ஹாலில் காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினேன். அப்போது அவர் சொன்னது இவ்வளவுதான்:

"கிளட்ச்சுல காலே இல்லடா. நாலாவது கியர்ல போய்னு இருந்தேன். பள்ளத்துல எறங்குச்சு, ஆஃப் ஆயிடுச்சு. சிவப்பு விளக்குகூட எரியலடா."

என் வேலையே சாஃப்ட்வேரில் வருகிற புகார்களைப் படிப்பது. பெரும்பாலும் "ஆப் வேலை செய்யல, சீக்கிரம் பாருங்க" என்கிற ரீதியில்தான் வரும். எப்போது நடந்தது, அதற்கு முன் என்ன செய்தீர்கள், திரையில் என்ன தெரிந்தது என்று நாங்கள் கெஞ்சிக் கேட்டு வாங்க வேண்டும். அப்பா இந்த மூன்றையும் கேட்காமலேயே கொடுத்திருந்தார். நான் என்ன செய்தேன்? எங்கள் ஆபீஸில் ஒரு முத்திரை உண்டு, 'நாட் ரீப்ரொட்யூசிபிள்'. நாங்கள் ஓட்டிப் பார்த்தோம், அப்படி எதுவும் நடக்கவில்லை, ஆகவே அப்படி ஒன்று இல்லை என்று அர்த்தம். அந்த முத்திரையைக் குத்தி அப்பாவின் புகாரை மூடிவிட்டேன்.

அதற்குப் பிறகு வார இறுதிகளில் நான்தான் வண்டியை எடுத்தேன். ஒருமுறைகூட நிற்கவில்லை. அது நிற்காத ஒவ்வொரு ஞாயிறும் அப்பாவுக்கு எதிரான ஒரு சாட்சி ஆனது. 2022 ஜூனில் அவருடைய லைசென்ஸ் முடிந்தது. "இனிமே எதுக்கு நைனா?" என்று கேட்டது நான்தான். ஒரு கல்யாணத்தில் சித்தப்பாவிடம், "நைனாக்கு முன்ன மாதிரி கை கால் கன்ட்ரோல் இல்ல, அதான் வண்டிய நிறுத்திட்டோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

*

சிவப்பு விளக்கு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும்.

கிளட்ச்சைத் தப்பாக விட்டு எஞ்சினை நிறுத்தினால், சாவி இன்னும் 'ஆன்' நிலையில்தான் இருக்கும். அதனால் எஞ்சின் நின்றதும் டேஷ்போர்டில் பேட்டரி விளக்கும் ஆயில் விளக்கும் சிவப்பாக எரியும். ஓட்டுகிற எல்லோரும் பார்த்திருப்போம். அந்த விளக்குகளும் சேர்ந்து இருண்டால் கதை வேறு. எஞ்சின் தானாக நிற்கவில்லை, அதற்குப் போகிற கரண்ட்டே அறுந்திருக்கிறது. யாரோ சாவியை அணைத்த மாதிரி. காலுக்கும் கிளட்ச்சுக்கும் இதில் வேலையே இல்லை. அப்பாவின் அந்த ஒரு வாக்கியத்தில் நோயின் பெயரே இருந்தது.

சாவி போடுகிற துவாரத்துக்குப் பின்னால் இரண்டு தனித்தனிச் சாமான்கள் இருக்கின்றன. முன்னால் இருப்பது பூட்டு, சாவியின் பற்களைச் சரிபார்ப்பது அது. அதன் வாலில் ஒட்டிக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் டப்பா, உள்ளங்கையில் அடங்கிவிடும். அதுதான் இக்னிஷன் சுவிட்ச். சாவி திரும்பும்போது அதற்குள்ளே பித்தளைத் தகடுகள் நகர்ந்து ஒன்றையொன்று தொடும். பழைய வண்டிகளில் நிறைய கரண்ட் அந்தத் தகடுகள் வழியாகவே போகும். ஒவ்வொரு முறை தொட்டு விலகும்போதும் சின்னப் பொறி. வருஷக்கணக்கில் தகடு கருகும், தேயும். உள்ளே இருக்கும் கிரீஸ் காய்ந்து மெழுகாகும். சாவியை 'ஆன்' நிலையில் பிடித்து நிறுத்துகிற ஸ்பிரிங் தளரும். அதற்கப்புறம் சாவி ஒரு இம்மி பின்னால் சாய்ந்தால் போதும்.

என்னிடம் ஏன் இருபது மாதம் நிற்கவில்லை என்பதற்கு அன்று மதியம் பதில் கிடைத்தது. நான் எப்போதும் எடுப்பது ஸ்பேர் சாவி, வளையம்கூட இல்லாத ஒற்றைச் சாவி. அந்த ஞாயிறு அதைத் தேடிக் கிடைக்காமல், ஆணியில் இருந்த அப்பாவின் கொத்தை எடுத்துப் போயிருந்தேன். அதில் வீட்டுச் சாவி, பீரோ சாவி, மொட்டைமாடி, சைக்கிள் பூட்டு, பட்டறையில் திருப்பிக் கொடுக்காத லாக்கர் சாவி, எந்தப் பூட்டுக்கு என்று யாருக்கும் தெரியாத இரண்டு, கூடவே ஒரு பித்தளை வேல். அம்மாவின் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். 210 கிராம்.

தெருவில் வண்டியை ஸ்டார்ட் செய்து, நிற்கவிட்டு, கொத்தை விரலால் கீழே தட்டினேன். அணைந்தது. ஸ்பேர் சாவியைத் தேடிக் கண்டுபிடித்துப் போட்டேன். ஓடியது. பத்து முறை மாற்றி மாற்றிச் செய்தேன். பத்து முறையும் அதே விடை. மெக்கானிக் ஷெட்டின் சமதளத் தரையில் கொத்து குதிக்கவே இல்லை, அதனால் அவருக்கும் எதுவும் நடக்கவில்லை.

நான் ஸ்கூல் படிக்கும்போது அப்பா இதே கருங்கல் குவியலில் உட்காரவைத்துச் சொன்னது ஞாபகம் வந்தது. 1870களில் மெட்ராஸ் துறைமுகத்துக்குக் கடலுக்குள் சுவர் கட்ட ஆரம்பித்தார்கள். தெற்கிலிருந்து வடக்கே கடலோடு நகர்ந்து வரும் மணல் அந்தச் சுவரில் தட்டி நின்றது. தெற்கே மெரினா அகலமானது. வடக்கே ராயபுரத்திலிருந்து மணல் வரத்து நின்று கரை அரிந்தது, குப்பங்களில் வீடுகள் போயின. அதற்காகத்தான் கல் கொட்டினார்கள். வீடு போனவர்கள் கடலம்மாவுக்குக் கோபம் என்று சொல்லிக்கொண்டார்கள். "தப்பு நடக்கிற எடம் வேற, அடி வுழற எடம் வேற," என்றார் அப்பா.

*

அன்று இரவு பெருங்குடிக்குத் திரும்பி, தூக்கம் வராமல் இதைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். இக்னிஷன் சுவிட்ச் கதைகளில் பெரிய ஒன்று ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியுடையது. 2014-ல் செவர்லே கோபால்ட் உள்ளிட்ட சுமார் 26 லட்சம் சின்னக் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். சாவியைப் பிடித்து நிறுத்த வேண்டிய ஸ்பிரிங்கில் வலு போதவில்லை. கனமான சாவிக்கொத்தோ, முழங்கால் இடியோ, ஒரு குலுக்கலோ போதும், ஓடுகிற வண்டி அணையும். அணைந்தால் ஏர்பேக்கும் விரியாது. பழுது பார்க்கும்வரை சாவி வளையத்திலிருந்து மற்ற எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள் என்று கம்பெனியே சொன்னது. இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட மரணங்கள் 124.

எனக்கு நெஞ்சில் இடித்தது வேறு இடம். அந்த சுவிட்ச் வலுவில்லாதது என்பது 2000களின் தொடக்கத்திலேயே கம்பெனிக்குள் சிலருக்குத் தெரியும். 2006-ல் அதற்குப் பொறுப்பான பொறியாளர் ஒரு மாற்றத்துக்குக் கையெழுத்துப் போட்டார். ஸ்பிரிங் நீளமானது, சுவிட்ச் சரியானது. ஆனால் பாகத்தின் எண்ணை மாற்றவில்லை. பழைய சுவிட்சுக்கும் புது சுவிட்சுக்கும் ஒரே எண். சாஃப்ட்வேரில் இருப்பவர்களுக்கு இது புரியும்: ஒரு பிழையைச் சரிசெய்துவிட்டு, வெர்ஷன் எண்ணைத் தொடாமல், யாரிடமும் சொல்லாமல் விடுவது. அதனால் பல வருஷம் யார் ஆராய்ந்தாலும், பின்னால் வந்த வண்டிகள் ஏன் அணையவில்லை என்று விளங்கவில்லை. கடைசியில், ஜார்ஜியா மாநிலத்தில் இறந்துபோன ஓர் இளம் செவிலியரின் பெற்றோர் போட்ட வழக்கில், அவர்கள் தரப்புப் பொறியாளர் ஒருவர் கடையில் புது சுவிட்ச் வாங்கி, விபத்து வண்டியின் சுவிட்சுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரே எண், உள்ளே இரண்டு வேறு சாமான்.

இன்னொன்றும் படித்தேன். டெக்சாஸில் ஒரு பெண் 2004-ல் ஓட்டிப்போன கார் சாலையை விட்டு விலகி மரத்தில் மோதியது. பக்கத்தில் இருந்த அவளுடைய வருங்காலக் கணவர் இறந்துபோனார். அலட்சியத்தால் மரணம் என்று அவள் குற்றத்தை ஒத்துக்கொண்டாள். பத்து வருஷம் கழித்து, 2014 நவம்பரில், காரணம் சுவிட்ச் என்று தெரிந்து நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அவள் ஏன் ஒத்துக்கொண்டாள் என்று அன்றிரவு எனக்குப் புரியவில்லை. ஒரு வாரத்தில் புரிந்தது.

*

வெட்கத்தோடு சொல்கிறேன், என் திட்டம் இதுதான். அடுத்த சனிக்கிழமை ஓசைப்படாமல் சுவிட்சை மாற்றிவிடுவது. கொஞ்ச நாள் கழித்து, "நைனா, சும்மா ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்குறியா?" என்று பெருந்தன்மையாகச் சாவியைக் கொடுப்பது. யாருக்கும் சங்கடம் இல்லை. வண்டி சரியாகிவிடும், எண் மட்டும் பழையதாகவே இருக்கும்.

ஜி.பி. ரோட்டுக்குப் போனேன். கடைக்காரர், "முழு லாக் செட்டா, பின்னாடி சுவிட்ச் மட்டுமா?" என்று கேட்டார். செட் வாங்கினால் சாவியே மாறிவிடும். சுவிட்ச் மட்டும் போதும் என்றேன். 650 ரூபாய்.

சனிக்கிழமை மதியம் அப்பா தூங்கும் நேரம் பார்த்து ஆரம்பித்தேன். முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினேன். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் மூடியைப் பிரித்தேன். பூட்டின் பின்னால் சுவிட்ச் தெரிந்தது. பிடித்திருந்தது இரண்டே இரண்டு சின்ன ஸ்க்ரூ. ஒன்று வந்துவிட்டது. இன்னொன்று துருப்பிடித்து இறுகியிருந்தது. அவசரத்தில் திருப்பி, அதன் தலையை வழுக்கவிட்டேன்.

"அந்த ஸ்க்ரூடிரைவர் அதுக்குப் பெருசுடா."

அப்பா கதவோரம் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. என்ன மாற்றுகிறேன் என்று கேட்கவில்லை, பார்த்தாலே தெரியும் அவருக்கு. உள்ளே போய்த் தன் டூல் பெட்டியிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து எடுத்து வந்தார். நான் நகர்ந்து, டார்ச் பிடித்தேன். தலை வழுக்கிய ஸ்க்ரூவில் முனையைப் பொருத்தி, உள்ளங்கையால் பின்னால் அழுத்தினார். "மொதல்ல அமுக்கு. அப்பறம் திருப்பு." கால் சுற்று. ஸ்க்ரூ கிர்ரென்று விட்டுக்கொடுத்தது. அவர் கை நடுங்கவில்லை.

அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டேன். "நைனா, அன்னிக்கு நீ சொன்னது கரெக்ட்டு. வண்டிலதான் கோளாறு. உன் மேல தப்பே இல்ல."

அவர் பதில் சொல்லவில்லை. கழற்றிய சுவிட்சைப் படிக்கட்டில் வைத்து, பிளாஸ்டிக் காதுகளை நெம்பித் திறந்தார். தகட்டில் ஒரு ஓரம் கருகி, குழி விழுந்திருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"எப்போ தெரியும் உனக்கு?"

"போன ஞாயித்துக்கிழம."

"ஒரு வாரமா சொல்லல."

"சொல்லாமலே மாத்திடலாம்னு இருந்தேன்."

தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் கழித்து நான் கேட்டேன், "நீயே அன்னிக்கு இந்த மூடியக் கழட்டிப் பாத்திருக்கலாமே நைனா? உனக்குத் தெரியாததா?"

"பாத்திருக்கலாம்." சுவிட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீ அவ்ளோ உறுதியா சொன்ன. மெக்கானிக்கும் சொன்னான். வெளக்கு எரியலன்னு எனக்கு நல்லாத் தெரியும். ஆனா நாளாக ஆக, எரிஞ்சிதோ நாமதான் பாக்கலியோன்னு ஆயிடுச்சுடா. ஒருவேள என் காலுதானோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு."

டெக்சாஸ் பெண் ஏன் ஒத்துக்கொண்டாள் என்று அப்போது புரிந்தது.

புது சுவிட்சை அவரே பொருத்தினார். ஸ்டார்ட் செய்து, கொத்தோடு தொங்கவிட்டு, கையால் தட்டு தட்டு என்று தட்டினோம். அணையவில்லை. மொத்தம் அரை மணி நேர வேலை.

அன்று மாலை சித்தப்பாவுக்கு போன் செய்தேன். அத்தைக்கு, அக்காவுக்கு, மாமாவுக்கு. "நைனா மேல ஒண்ணுமே இல்ல, வண்டில ஒரு சுவிட்ச் போயிருந்தது, நான்தான் சரியா பாக்கல" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். பாதிப் பேருக்கு நான் எதைப் பற்றிப் பேசுகிறேன் என்றே தெரியவில்லை. சித்தப்பா, "அதெல்லாம் வயசானா அப்படித்தான், விடு" என்றார். திரும்ப முதலிலிருந்து விளக்கினேன். அப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். டிவியின் சத்தம் குறைந்திருந்தது.

லைசென்ஸ் விஷயம் அவ்வளவு லேசில்லை. காலாவதியாகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டால், ஓட்டிக் காட்டித்தான் புதுப்பிக்க முடியும். நாற்பது வருஷமாக ஓட்டுகிறவர் மறுபடி ஆர்.டி.ஓ. முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். அந்த ஒரு வருஷம் போனது என்னால்தான். டாக்டர் சர்டிஃபிகேட் வாங்கிவிட்டோம், விண்ணப்பமும் தயார். தேதி மட்டும் குறிக்கவில்லை. "பாக்கலாம்டா" என்கிறார். நான் வற்புறுத்தவில்லை. இந்த விஷயத்தில் உறுதியாகப் பேசுகிற உரிமையை இழந்துவிட்டேன்.

ஆணியில் இப்போது கொத்து ஒன்று, கார் சாவி தனியாக ஒன்று. வளையத்திலிருந்து அவரே பிரித்துவிட்டார்.

போன ஞாயிறு மூன்று பேருமாகக் காசிமேடு போய்த் திரும்பினோம். அப்பா முன் சீட்டில், என் இடது பக்கம். அந்தப் பள்ளம் இன்னும் அப்படியே இருக்கிறது. முன் சக்கரம் இறங்கி ஏறும்போது நான் டேஷ்போர்டைப் பார்த்தேன். ஓரக்கண்ணில் தெரிந்தது, அப்பாவும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பின் சீட்டிலிருந்து அம்மா, "ரெண்டு பேரும் அங்க இன்னா பாக்குறீங்க? ரோட்டப் பாத்து ஓட்டுடா," என்றாள்.